பதிமூன்றாம் படி

திரைக்கு முன்னால் நடப்பதைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். பின்னால் நடப்பதை நான் இருபத்தாறு வருஷமாக ஓசியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறாமைப்பட ஒன்றுமில்லை. பின்னால் குளிர், தூசு, பூனை மூத்திர நாற்றம், நடிகர்களின் புலம்பல். முன்னால் ராஜாவாக வந்து கையை உயர்த்தியவன் பின்னால் வந்ததும் முதலில் கேட்பது, "அக்கா, கழிப்பறை காலியா?"

என் பெயர் நெவெனா. டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் நாடக அரங்கில் ஸ்டேஜ் மேனேஜர். யார் எப்போது மேடைக்குப் போக வேண்டும், விளக்கு எப்போது மாற வேண்டும், படுதா எப்போது இறங்க வேண்டும், எல்லாம் நான் சொன்னால்தான். மேடையின் இடப்பக்கம், கறுப்புப் பக்கத்திரைக்குப் பின்னால் என் நாற்காலி. முன்னால் ஒரு மேசை, நீல விளக்கு, நாடகப் பிரதி, ஒரு மைக், வரிசையாக ஆறு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு இடத்துக்குப் பேசும். ஆண்கள் ஒப்பனை அறை, பெண்கள் ஒப்பனை அறை, உடை அறை, காண்டீன், மேலே கயிறு இழுக்கும் தளம். ஆறாவது பொத்தான் கீழ்வழிக்கு.

கீழ்வழி என்பது மேடைக்கு அடியில் போகும் பாதை. வலப்பக்கம் மேடையை விட்டு வெளியேறிய நடிகர் இடப்பக்கமாக மறுபடி நுழைய வேண்டுமென்றால், மற்ற ஊர்களில் பின்படுதாவுக்குப் பின்னால் சுற்றி வருவார்கள். எங்கள் அரங்கில் அந்த இடத்தைத் தச்சர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். பழைய அரண்மனைச் சுவர்கள், சக்கரம் போன வண்டிகள், ஒரு முழு காடு, எல்லாம் அங்கே அடுக்கியிருக்கிறது. ஆகவே பதினாலு படி இறங்கி, வெந்நீர்க் குழாய்களுக்கு நடுவே குனிந்து நடந்து, இந்தப் பக்கம் பதினாலு படி ஏறி வர வேண்டும். ஏறி வருகிறவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். நான் விரல் காட்டியதும் மேடைக்குள் போவார். நான் சொல்லாமல் யாரும் போகக் கூடாது. இது எங்கள் வேதம்.

எங்கள் நடிகன் மெத்தோதிக்கு இந்த வேதத்தோடு விளையாடுவதுதான் பொழுதுபோக்கு. அறுபத்தோரு வயது, பெரிய வயிறு, இடது முழங்கால் கொஞ்சம் மடங்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகக் காலை பதினோரு மணிக்கு ஒரு வேடிக்கை நாடகம் போடுவோம். அதில் அவன் வாத்து திருடன். மாவு மில்காரி ஒருத்தி உருட்டுக்கட்டையோடு துரத்த, வலப்பக்கம் ஓடி மறைவான். அவள் அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருக்கும்போது இடப்பக்கமாக வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். தொப்பியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பான், வாத்து அங்கே இருக்கிறதா என்று. பிறகு மெல்லப் போட்டுக்கொள்வான். அவ்வளவுதான். நானூறு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள்.

நடுவில் அவனுக்கு நாலு நிமிஷம் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் வந்துவிடலாம். வர மாட்டான். பதிமூன்றாம் படியில் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டி, எனக்கு வியர்க்கிறதா என்று பார்ப்பான். கடைசி நொடியில், "என்ன தளபதி, பயந்துட்டியா?" என்று கிசுகிசுத்துவிட்டு, பதினாலாவது படியை ஓங்கி மிதித்து என் பக்கத்தில் வந்து நிற்பான். சோம்பு மிட்டாய் வாசனை அடிக்கும். எத்தனை தடவை அவனைக் கழுத்தை நெரிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன் தெரியுமா?

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை.

ஆறாவது பொத்தானை அழுத்தி, "மெத்தோதி, மேடைக்கு" என்றேன். அரை நிமிஷம் கழித்து மறுபடி. மில்காரியாக நடிக்கும் ராலித்சா மேடையில் இல்லாத திருடனைத் தேடித் தேடி மாவு மூட்டையை உருட்டுக்கட்டையால் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வேண்டுமென்றே செய்கிறான், அல்லது காண்டீனில் ஒரு கிளாஸ் ஏற்றிக்கொண்டு எங்கேயோ சாய்ந்துவிட்டான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"குடிகாரக் கழுதை, இப்ப நீ வரலைன்னா இனிமே வரவே வேணாம். செத்து ஒழி."

அந்தப் பொத்தான் கீழ்வழிக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் கேட்கவில்லை. ராலித்சா எதையோ சொல்லிச் சமாளித்து அடுத்த காட்சிக்குத் தாவினாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்து இடைவேளை. கயிறு இழுக்கும் கிறஸ்த்யோவை அனுப்பினேன், "அவனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா" என்று. அவன் போனவுடனே திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

மெத்தோதி இந்தப் பக்கத்துப் படிக்கட்டின் கீழ்ப்படியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். விழவில்லை. உட்கார்ந்திருக்கிறான். ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியா எப்ப பாத்தீங்க?" சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உடனே போகலை. கொஞ்ச நேரம் இருந்திருக்காரு," என்றார்.

கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் என் குரல், செத்து ஒழி என்று.

எங்கள் வழக்கப்படி அவனை அரங்கின் முன்கூடத்தில் கிடத்தினோம். ஊரே வந்தது. பெட்டியைத் தூக்கும்போது எல்லோரும் கைதட்டினோம். நடிகனைக் கைதட்டித்தான் அனுப்ப வேண்டும். நானும் தட்டினேன். அவன் மனைவி தான்கா எங்கள் அரங்கில்தான் உடைகளைப் பார்த்துக்கொள்கிறாள். எப்போதும் வாயில் நாலு குண்டூசி இருக்கும், அதனால் குறைவாகப் பேசுகிறவள். அன்று குண்டூசி இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும் என் முழங்கையைப் பிடித்தாள்.

"நெவெனா, நீ அவரைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். மூணு தடவை."

"என்னன்னு?"

"எப்பவும் போலத்தான். மெத்தோதி, மேடைக்குன்னு."

அவள் என் கையைத் தடவிக் கொடுத்தாள். "அப்போ தெரிஞ்ச குரல் ஒண்ணு காதுல விழுந்துதான் போயிருக்காரு. தனியா போகலை. எனக்கு அது போதும்," என்றாள்.

செத்த பாம்பை விழுங்கினவள் மாதிரி நின்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு. இயக்குநரிடம் சொல்வேன், வருமான வரிக்காரரிடம் சொல்வேன். இது அந்த மாதிரிப் பொய் இல்லை.

அவனுடைய படம் போட்ட இரங்கல் தாளைப் பின்வாசல் கதவில் ஒட்டினார்கள். தொப்பியோடு சிரிக்கிற படம். தினமும் காலையில் அந்தச் சிரிப்பைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்த வேடத்துக்கு யாவோர் வந்தான். முப்பது வயது, நல்ல பையன், நிறையப் பேசுவான். முதல் ஒத்திகையிலேயே பிரதியைக் கைதவறிக் கீழே போட்டான். போட்டவன் எடுத்துக்கொண்டு நேரே நடந்தான். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"டேய், உக்காரு! அது மேல உக்காருடா முதல்ல!"

கீழே விழுந்த பிரதியின் மேல் உட்கார்ந்து எழாமல் அதைக் கையில் எடுத்தால் நாடகம் விளங்காது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாவோர் முகம் சிவந்து, தாளை மறுபடி தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். "எடுத்தப்புறம் உக்காந்தா கணக்குல சேருமா?" என்று கேட்டான்.

"சேராது. உனக்கு முன்னாடி இருந்தவன் அதையும் செஞ்சு பாத்துட்டான்," என்றான் கிறஸ்த்யோ.

யாரும் சிரிக்கவில்லை.

அன்றுதான் முதல் தடவை கேட்டது. திருடன் வலப்பக்கம் ஓடி மறைந்தான். ராலித்சா தேட ஆரம்பித்தாள். என் முதுகுக்குப் பின்னால், படிக்கட்டில், யாரோ ஏறி வரும் சத்தம். யாவோர்தான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பையன் மான் மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவன். இது ஒரு கால் ஊன்றி ஒரு கால் இழுத்து வந்தது. ஊன்றல், இழுப்பு. ஊன்றல், இழுப்பு. என் தொழிலே எண்ணுவதுதான், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பதிமூன்று. அப்புறம் இல்லை.

நான் திரும்பவில்லை. பிரதியின் மேல் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் குளிர் ஏறியது. சோம்பு வாசனை வந்தது. அப்புறம் யாவோர் தடதடவென்று ஏறி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, கீழ யாரு நிக்கிறது?"

"யாரும் இல்ல."

"எனக்கு முன்னாடி ஒருத்தர் நடந்து போனாரு அக்கா. குழாய்க்கிட்ட குனிஞ்சாரு. நானும் அங்கதான் குனிஞ்சேன், இல்லன்னா மண்டை உடைஞ்சிருக்கும்."

"போ, உன் இடம் வந்துடுச்சு," என்று விரலைக் காட்டினேன். போனான். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், மெத்தோதி பார்த்த மாதிரியேதான். காலியான அரங்கில் இயக்குநர்கூடச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாவோர் கீழ்வழியில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டான். வலப்பக்கக் கதவைத் திறந்து, முற்றத்துப் பனியில் ஓடிச் சுற்றி, பின்வாசல் வழியாக இந்தப் பக்கம் வருவான். தோளெல்லாம் பனியோடு நிற்பான். கிறஸ்த்யோ அவனைக் கிண்டல் செய்வான். "வெந்நீர்க் குழாய்டா. சூடு ஏறும்போது சத்தம் போடும். ஆம்பளையா நீ?"

"நீங்க போயிட்டு வாங்க அண்ணே, பாப்போம்."

"எனக்கு முட்டி வலி," என்பான் கிறஸ்த்யோ.

ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வரும். ஒவ்வொரு தடவையும் மெத்தோதி ஏறி வந்து பதிமூன்றாம் படியில் நிற்பான். எனக்கு ஏன் என்று தெரியும். நான்தான் வரவே வேண்டாம் என்றேன். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் என் பேச்சைக் கேட்காதவன் இப்போது கேட்கிறான். அதுதான் என்னைத் தின்றது. வீட்டில் சூப் கொதிக்கும்போதும் எண்ணிக்கொண்டிருப்பேன், பதிமூன்று வரை.

நாற்பது நாள் வரைக்கும் செத்தவர் இங்கேயேதான் சுற்றுவார், நாற்பதாம் நாள் போய்விடுவார் என்பது எங்களிடம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்குள் நான் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவன் அந்தப் படியிலேயே நின்றுவிடுவான், நானும்தான். முதல் வாரம் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் நேரம் இல்லை என்று எனக்கே சாக்குச் சொன்னேன். அப்புறம் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆபீசில் நாள் குறித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? பள்ளிக்கூடங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்த தேதி என்றார்கள். நாடகம் மறுபடி மேடை ஏறியது சரியாக நாற்பதாம் நாள்.

அன்று காலை தான்கா விடிந்ததுமே கல்லறைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். வேகவைத்த கோதுமையில் சர்க்கரைத் தூள் தூவி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களில் போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் சொல்லி வாங்கிக்கொண்டோம். கிறஸ்த்யோ ராக்கியா சாராயத்தில் ஒரு சொட்டைத் தரையில் விட்டான், செத்தவனுக்கு.

"மேடையில ஊத்தாதே, வழுக்கும்," என்றேன்.

"அவன் பங்குடி இது. உன் அனுமதி வேணுமா?"

தான்கா கடைசியாக என் மேசைக்கு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"படிச் சத்தம் எனக்கும் கேக்குது நெவெனா. உடை அறைக் கதவைத் திறந்து வெச்சா கேக்குது. எனக்காகன்னா உடை அறைக்கு வந்திருப்பாரு. உன் பின்னாடி வந்து நிக்கிறாரு. வேலைக்குத்தான் நிக்கிறாரு. இன்னிக்கு அந்த இடம் வரும்போது ஒரு தடவை கூப்பிடு. அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு. வந்துட்டுப் போகட்டும்."

அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே! சரி என்று தலையை ஆட்டினேன்.

பதினோரு மணிக்கு மூன்றாவது மணி அடித்தேன். நானூறு பிள்ளைகள், நானூறு மேல்கோட்டு, சளி, மிட்டாய்த் தாள் சத்தம். திரை விலகியது. ஆரம்பக் காட்சிகள் நன்றாகவே போயின. யாவோர் பரவாயில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் சிரிக்க வேண்டுமே என்று சிரித்தார்கள். அந்த இடம் நெருங்கியது. ராலித்சா உருட்டுக்கட்டையை எடுத்தாள். யாவோர் வலப்பக்கம் ஓடி மறைந்தான்.

பின்னால் ஆரம்பித்தது. ஊன்றல், இழுப்பு.

ஆறாவது பொத்தானை அழுத்தினேன். அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்: "மெத்தோதி, நான்தான். அன்னிக்குச் சொன்னது கோவத்துல சொன்னது. அதை மனசுல வெச்சுக்காதே. மேடைக்கு வா."

பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. நின்றுவிட்டது.

காத்திருந்தேன். எதுவும் இல்லை. மறுபடி சொன்னேன். எதுவும் இல்லை. மன்னிக்க மாட்டேன் என்கிறான் என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டியது.

படுதாக் கயிற்றைப் பிடித்தபடி எனக்குப் பக்கத்தில் நின்ற கிறஸ்த்யோ என் பக்கம் குனிந்தான். "யார்கிட்ட பேசுறே?"

"கீழ்வழிக்கு."

"அந்தப் பொத்தான்லயா? அது செத்து எத்தனையோ நாளாச்சே. மெத்தோதிதான் அறுத்தான், இலையுதிர் காலத்துல. தலைக்கு மேல குரைக்கிறா, நான் மணி பாத்து வர மாட்டேனான்னு ஒயரையே நறுக்கிட்டான். உங்கிட்ட சொன்னா தோலை உரிப்பேன்னான். விளக்கு மட்டும்தான் எரியும்."

அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அவனுக்குக் கேட்கவில்லை! நான் திட்டியது கேட்கவே இல்லை. நாற்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு நொடியில் உருண்டு போயிற்று. திருட்டுப் பயல், என் ஒயரையா அறுத்தாய்!

அப்புறம் சிரிப்பு நின்றது. அப்படியானால் அவன் என் வார்த்தைக்குப் பயந்து நிற்கவில்லை. எப்போதும் நிற்கிற இடத்தில் எப்போதும் போல நிற்கிறான். தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டு, என் விரலுக்காகக் காத்துக்கொண்டு. இத்தனை நாளும் நான்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தாறு வருஷத்தில் நாடகம் நடக்கும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. மகள் பிறக்க வலி எடுத்தபோதுகூட இடைவேளை வரை உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுந்தேன். கிறஸ்த்யோ, "எங்கடி போறே? விளக்கு மாத்தணுமே!" என்று பதறினான். படிக்கட்டின் தலைமாட்டில் போய் நின்று கீழே பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. இருட்டு, குழாய்களின் வெப்பம், சோம்பு வாசனை. அவ்வளவுதான். ஆனால் அந்த இருட்டு காலியாக இல்லை.

மைக் இல்லாமல், வாயால் சொன்னேன். "மெத்தோதி, உன்னை வரவே வேணாம்னு சொன்னேன். செத்து ஒழின்னும் சொன்னேன். உனக்குக் கேக்கலை, ஆனா சொன்னேன். தப்பு. வாடா. உன் இடம் வந்துடுச்சு." கையைத் தூக்கி மேடையை நோக்கி விரலைக் காட்டினேன்.

பதினாலாவது படி ஓங்கி மிதிபட்டது. பலகை என் காலுக்கு அடியில் அதிர்ந்தது. என் தோளை ஒட்டி ஒரு குளிர் கடந்து போயிற்று. எதிரே தொங்கிய கறுப்புப் பக்கத்திரை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு விலகி, மறுபடி மூடிக்கொண்டது. மேடையில் ராலித்சாவின் குரல் நின்றுபோனது. அரங்கில் இருமல் நின்றது, மிட்டாய்த் தாள் சத்தமும் நின்றது. ஒருவன் தொப்பியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து மெல்லத் திரும்பப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பிறகு நானூறு பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் கேட்ட சிரிப்பு. காலால் தரையை உதைத்து, நாற்காலியில் புரண்டு, மூச்சுத் திணறிச் சிரிக்கிற சிரிப்பு. யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். யாவோர். தோளில் பனி, கையில் தொப்பி, வெளுத்த உதடு.

"அக்கா," என்றான். "நான் இன்னும் உள்ள போகவே இல்லையே. எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"போ," என்றேன். "சிரிப்பு அடங்கட்டும், அப்புறம் போ."

சிரிப்பு அடங்கும்போது கைதட்டலாக மாறியது. யாவோர் அதற்குள் நடந்து போனான். சோம்பு வாசனை போய்விட்டது. படிக்கட்டுப் பக்கம் வெறும் பழைய மரத்தின், குழாய்த் துருவின் வாசனைதான். அவன் போய்விட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அழுதேன், வெட்கமில்லாமல். அழுதபடி நாற்காலிக்குத் திரும்பினேன்.

தான்கா அங்கே நின்றிருந்தாள். யாவோருக்கு அடுத்து மாற்ற வேண்டிய கோட்டு அவள் கையில் மடித்துக் கிடந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருப்பாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"திட்டினியா அவரை?"

"திட்டினேன். பொத்தானை அழுத்தித் திட்டினேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன் தான்கா."

"அது கிடக்கட்டும். அவரும் உன்னைத் திட்டாத திட்டா?" அவள் கோட்டின் காலரை நீவிவிட்டாள். "அவருக்கு அது கேட்டிருக்காதே. ஒயரு என் கத்தரிக்கோலாலதானே அறுத்தாரு. உனக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் கிறஸ்த்யோ சொன்னான்."

அவள் கை காலரில் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். மறுபடி என்னை.

"மூணு தடவை கூப்பிட்டேன்னியே," என்றாள். "நான் என்ன நெனச்சேன்னா... ஒயரு இல்லைன்னு உனக்குத் தெரியும், இப்ப வந்து நின்ன மாதிரி படிக்கு வந்து கூப்பிட்டிருப்பேன்னு நெனச்சேன். அவருக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்." குரல் உயரவில்லை. கோபம்கூட இல்லை. "உக்காந்த இடத்துலேருந்தேவா கூப்பிட்டே, நெவெனா?"

"ஆமா," என்றேன்.

மேடையில் யாவோர் தன் வசனத்தை முடித்துக்கொண்டிருந்தான். தான்கா கோட்டை உதறி விரித்துப் பிடித்துக்கொண்டு அவனுக்காகப் பக்கத்திரையருகில் போய் நின்றாள். நான் உட்கார்ந்தேன், மைக்கை இழுத்தேன், அடுத்த விளக்குக்குச் சொன்னேன். என் நாற்காலியிலிருந்து அந்தப் படிக்கட்டு ஒன்பது அடி தூரம்.